நான்கு முறை கத்தினால், நாலு சுவருக்குள் நிற்காதீர்கள்!

கூரையில் ஒட்டியிருக்கும் வெள்ளை வட்டம் நான்கு முறை விட்டுவிட்டுக் கத்துகிறது. ஐந்து விநாடி அமைதி. மறுபடியும் நான்கு. வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி. மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருக்கிறார்கள். வீட்டில் இருப்பது ஊரிலிருந்து வந்த அப்பா, அம்மா, தொட்டிலில் பேரக்குழந்தை. தாளித்த புகைதான் காரணம் என்று நினைத்து அம்மா அடுப்பை அணைக்கிறார். சத்தம் நிற்கவில்லை. மகனுக்குப் போன் போகிறது.

“டேய் கண்ணா, மேல வட்டமா ஒண்ணு இருக்கே, அது நிக்காம கத்திக்கிட்டே இருக்குடா.”

“பேட்டரி போயிருக்கும்மா. அப்பாவை ஸ்டூல் போட்டுக் கழட்டி வைக்கச் சொல்லு. நான் மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்.”

டொராண்டோவிலோ நியூ ஜெர்சியிலோ பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இந்தப் பேச்சு புதிதாக இருக்காது. பல நாள் மகன் சொன்னபடி பேட்டரிதான் காரணமாகவும் இருந்திருக்கும். அதனால்தான் எல்லா நாளும் அதே பதில் வருகிறது. ஆனால் பேட்டரி தீர்ந்த அலாரம் இப்படிக் கத்துவதே இல்லை. அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒரு தடவை ஒற்றைக் கீச்சு, அவ்வளவுதான். ஆயுள் முடிந்த அலாரமும் ஏறக்குறைய அப்படித்தான் முனகும். மூன்று மூன்றாகக் கத்தினால் தீப்புகை. நான்கு நான்காகக் கத்தினால் கார்பன் மோனாக்சைடு. வட அமெரிக்காவில் பரவலாக உள்ள கணக்கு இது. இரண்டையும் ஒரே பெட்டியில் அடக்கிய அலாரங்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. அவற்றில் சில வாய்விட்டே சொல்லும், ஆங்கிலத்தில்.

மகன் சொன்ன ஒரு வரியில் மூன்று தவறுகள். கத்தும் அலாரத்தைக் கழற்றச் சொன்னது முதல் தவறு. வீட்டுக்குள்ளேயே இருக்கவிட்டது இரண்டாவது. அந்தக் காற்றில் வயதான ஒருவரை ஸ்டூல்மேல் ஏறச் சொன்னது மூன்றாவது.

அவசரக்காரப் பெட்டி அல்ல

‘சும்மா சும்மா கத்தும்’ என்ற பெயர் இந்தப் பெட்டிக்கு நியாயமே இல்லை. அமெரிக்காவில் வீட்டு அலாரங்களுக்கு யூஎல் 2034 என்றொரு தரவிதி உண்டு. காற்றின் பத்து லட்சம் பங்கில் 70 பங்கு, அதாவது 70 பிபிஎம் அளவுக்குக் கார்பன் மோனாக்சைடு இருந்தால், அலாரம் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கத்தக்கூடாது. நான்கு மணி நேரத்துக்குள் கத்தியாக வேண்டும். 150 பிபிஎம் என்றால் 10 முதல் 50 நிமிடம். 400 என்றால் 4 முதல் 15 நிமிடம். வெறும் 30 பிபிஎம் இருந்தால் முப்பது நாள்வரை வாயே திறக்கக்கூடாது என்பதும் அதே விதிதான். பிரிட்டனில் பின்பற்றப்படும் ஐரோப்பிய விதி இன்னும் கொஞ்சம் கண்டிப்பானது. அங்கே 50 பிபிஎம் இருந்தாலே ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் கத்த வேண்டும், 300 இருந்தால் மூன்றே நிமிடத்தில்.

இந்தக் காத்திருப்புக்குக் காரணம் இருக்கிறது. கார் கிளம்பும்போது கொஞ்சம் புகை உள்ளே வரும், அடுப்பு பற்றவைக்கும்போது கொஞ்சம் எழும்பும், உடனே கலைந்தும் போகும். அதற்கெல்லாம் ஊரைக் கூட்டக்கூடாது. அதனால் பெட்டி பொறுத்துப் பார்க்கிறது. பொறுத்த பிறகு அது கத்துகிறதென்றால், ஒன்று அந்த வாயு வீட்டில் ஏற்கெனவே மணிக்கணக்காகத் தங்கியிருக்கிறது, அல்லது சில நிமிடத்திலேயே கத்தும் அளவுக்கு நிறைந்துவிட்டது. இரண்டில் எது என்று உள்ளே நின்றுகொண்டு ஆராய வேண்டியதில்லை.

சிலிண்டர் பழக்கிய மூக்கு

நம் ஊரில் காஸ் என்றால் சிலிண்டர். கசிந்தால் நாறும். ரெகுலேட்டரை மூடு, ஜன்னலைத் திற, ஸ்விட்சைத் தொடாதே என்ற பாடம் ஒவ்வொரு சமையலறையிலும் உண்டு. நாற்றமே அடிக்காத எரிவாயுவில் எச்சரிக்கைக்காக வேண்டுமென்றே கலக்கும் வாடை அது. கனடாவில் குழாய் வழியே வரும் இயற்கை எரிவாயுவிலும் அதைக் கலக்கிறார்கள். அதனால் அலாரம் கத்தியதும் நம்மவர்கள் செய்யும் முதல் சோதனை, மூக்கை உறிஞ்சிப் பார்ப்பது. ஒரு வாடையும் இல்லை. ‘காஸ் கசியவில்லை, பெட்டிதான் பழுது’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

எரிவாயு கசிவது வேறு, கார்பன் மோனாக்சைடு வேறு. முன்னது எரியாத காஸ், பின்னது அரைகுறையாக எரிந்ததன் விளைவு. காஸ், பெட்ரோல், விறகு, கரி எதுவானாலும் போதிய காற்று கிடைக்காமல் எரிந்தால் இது பிறக்கும். நிறமில்லை, மணமில்லை, தொண்டையில் எரிச்சல்கூட இல்லை. காற்றைவிடக் கொஞ்சமே லேசானது என்பதால் மேலே போய்த் தங்குவதும் இல்லை, தரையில் படிவதும் இல்லை. வீடு முழுக்கச் சமமாகக் கலந்துவிடும்.

உள்ளே போய் அது செய்வது இடப்பிடிப்பு. நுரையீரலிலிருந்து ஆக்சிஜனை ஏற்றிச் செல்லும் ஹீமோகுளோபினில், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு போய் ஒட்டிக்கொள்கிறது. பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பவரைப் போல. ஆக்சிஜன் நின்றுகொண்டே வர வேண்டியதுதான். முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, குமட்டல், அசதி. காய்ச்சல் மட்டும் இருக்காது. குளிர்காலத்தில் இந்த அறிகுறிகளுக்கு எல்லோரும் சொல்லும் பெயர் ‘ஃப்ளூ’. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலிக்கிறது, கடைக்குப் போய்வந்தால் தெளிகிறது, திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடி வலிக்கிறது என்றால், அலாரம் கத்தாவிட்டாலும் சந்தேகப்பட வேண்டும்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பலர் வீட்டு மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. தயவுசெய்து அதை விரலில் மாட்டிப் பார்த்துத் தைரியம் கொள்ளாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் சாதாரண ஆக்சிமீட்டரால் பிரித்தறிய முடியாது. ஆள் மயங்கும் நிலையில் இருந்தாலும் அது 98 காட்டும்.

முதலில் வாசல்

அலாரம் கத்தினால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எல்லோரும் வெளியே. குழந்தையை எடு, தூங்குபவரை எழுப்பு, குளியலறைக் கதவைத் தட்டு, போ. பாஸ்போர்ட், நகை, அடுப்பில் இருக்கும் சாம்பார் எதுவும் வேண்டாம். கனத்த ஜாக்கெட்டும் பூட்ஸும் வாசல் அருகிலேயே மாட்டியிருந்தால் கை நீட்டி எடுத்துக்கொள்ளலாம். மாடியில் அலமாரிக்குள் இருந்தால் போர்வையோடு போகலாம்.

வெளியே வந்ததும் தலையை எண்ண வேண்டும். பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கும் மாணவர்கள் வந்துவிட்டார்களா? அவர்களை மறந்துவிட்டு வீட்டுக்காரர் மட்டும் வெளியே வருவது நடக்கக்கூடியதே. அதன் பிறகு அவசர எண் 911. டொராண்டோவில் போலீஸா, தீயணைப்பா, ஆம்புலன்ஸா என்று கேட்பார்கள். ‘ஃபயர்’ என்று சொன்னால் போதும். ஆங்கிலம் வராதவர்கள் ‘தமிழ்’ என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் சேர்க்கும் வசதி அங்கே இருக்கிறது. யாருக்காவது தலைவலியோ மயக்கமோ இருந்தால் அதையும் சொல்ல வேண்டும், ஆம்புலன்ஸும் சேர்ந்து வரும்.

ஜன்னலைத் திறக்கலாமா என்பதில் நாட்டுக்கு நாடு பேச்சு மாறுகிறது. பிரிட்டனில், கதவு ஜன்னலைத் திற, காஸ் சாதனங்களை அணை, வெளியேறு, 0800 111 999 என்ற எண்ணுக்குப் பேசு என்கிறார்கள். வட அமெரிக்காவில் வெளியேறுவதையே முதலில் வைக்கிறார்கள். எனக்குப் பின்னது சரியாகப் படுகிறது. நான்கு அறைகளின் ஜன்னலைத் திறக்க ஓடும் நேரம், அந்தக் காற்றையே சுவாசிக்கும் நேரம். போகிற வழியில் ஒரு கதவு திறந்தபடி கிடந்தால் கிடக்கட்டும். இன்னொன்று, வீட்டைக் காற்றோட்டமாக்கிவிட்டுத் தீயணைப்பு வீரர்களுக்காகக் காத்திருந்தால், அவர்கள் கருவி பூஜ்யம் காட்டும். எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது சிரமமாகிவிடும். அன்றிரவு ஜன்னலை மூடிப் படுத்ததும் அது மறுபடி வரும்.

கடுங்குளிரில் எங்கே நிற்பது? பக்கத்து வீட்டு மணியை அடியுங்கள். சுவர் ஒட்டிய வீடாக இருந்தால் வேறு வீட்டுக்குப் போங்கள். சுவரைத் தாண்டி அந்த வாயு அங்கும் போயிருக்கலாம், அவர்களுக்கும் சொல்லிவிட வேண்டும். தெருவில் நிற்கும் காரில் உட்காரலாம். கராஜுக்குள் இருக்கும் காரை உட்கார்வதற்காக ஸ்டார்ட் செய்வது மட்டும் கூடவே கூடாது. தலை தெளிந்துவிட்டது, சத்தமும் நின்றுவிட்டது என்று தானாக உள்ளே திரும்பக்கூடாது. கதவு திறந்ததால் பெட்டி ஓய்ந்திருக்கும், காரணம் ஓய்ந்திருக்காது. உள்ளே ஒருவர் மயங்கிக் கிடக்கிறார் என்றால், அதை 911-இல் சொல்ல வேண்டும். மீண்டும் உள்ளே ஓடிய இரண்டாவது ஆளும் விழுவதுதான் இந்த விஷயத்தில் பழைய கதை.

யார் குற்றவாளி?

தீயணைப்பு வீரர்கள் கையில் அளவுமானியோடு வாசலிலிருந்தே அளக்கத் தொடங்குவார்கள். பேஸ்மென்டில் ஃபர்னஸ், தண்ணீர் சூடாக்கும் டேங்க், பிறகு அடுப்பு, கணப்பு, கராஜ். ஃபர்னஸின் வெப்பமாற்றியில் விரிசல் இருக்கலாம். புகைபோக்கியில் பறவை கூடு கட்டியிருக்கலாம். புது ஃபர்னஸ்களுக்குக் கூரைப் புகைபோக்கி கிடையாது. சுவரின் பக்கவாட்டில் வெள்ளைக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். பனிப்புயல் அதை மூடிவிட்டால் போதும். நடைபாதைப் பனியை அள்ளுபவர்கள் அதன் வாயிலேயே குவித்துவிடுவதும் உண்டு.

நம்மவர் வீடுகளுக்கென்றே சில காரணங்கள் இருக்கின்றன. மீன் வறுக்கும் வாடை போவதற்காகச் சமையலறையில் பலமான எக்ஸாஸ்ட் ஃபேன் போடுகிறோம். குளிருக்கு எல்லா ஜன்னலையும் இறுக்கி மூடிய வீட்டில் அது காற்றை வெளியே இழுத்துக்கொண்டே இருந்தால், அந்தக் குறையை ஈடுகட்ட வீடு எங்கிருந்தாவது காற்றை இழுக்கும். பழைய மாதிரித் தண்ணீர் டேங்கின் புகைபோக்கி வழியாகவே இழுத்தால், மேலே போக வேண்டிய புகை கீழே இறங்கும். பேஸ்மென்டில் ஃபர்னஸ் அறைக்குப் பக்கத்திலேயே கட்டில் போட்டுப் படுத்திருப்பவர் வேலைக்கோ படிப்புக்கோ வந்த பிள்ளை.

அடுத்தது சாம்பிராணியும் ஹோமமும். கங்கு கனன்றுகொண்டிருக்கும் தூபக்காலை மூடிய அறையில் வைத்தால் அதிலிருந்தும் வருவது கார்பன் மோனாக்சைடுதான். ஒரு வேளைத் தூபம் ஆளைச் சாய்க்காது. பெரிய ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. கிருகப்பிரவேச ஹோமத்தில் அலாரம் கத்திவிடக்கூடாதே என்று பிளாஸ்டிக் பையை மாட்டி மூடுகிறோம், அல்லது கழற்றி டிராயருக்குள் வைக்கிறோம். பூஜை முடிந்து பந்தி, மொய், போட்டோ. அந்தப் பையை எடுக்க யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

பொய்யாக அலாரம் கத்துவது இல்லவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பேஸ்மென்டில் தண்ணீரை இறைக்கும் பம்புக்கு மாற்றாக வைத்திருக்கும் லெட்-ஆசிட் பேட்டரி, அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜனை வெளியிடும். அதைக் கார்பன் மோனாக்சைடு என்று நினைத்துக் கத்தும் அலாரங்கள் உண்டு. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் அளவுமானியோடு வந்தவர், கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நாமல்ல.

கோளாறான சாதனம் என்று தெரிந்தால் ஒன்டாரியோவில் காஸ் பணியாளர்கள் அதற்கு ‘ரெட் டாக்’ என்ற எச்சரிக்கைச் சீட்டை மாட்டுவார்கள். உடனடி ஆபத்து என்றால் அந்த இடத்திலேயே காஸை நிறுத்திவிடுவார்கள். மைனஸ் இருபதில் ஃபர்னஸ் இல்லாத இரவு கொடுமைதான், மறுநாள் வரும் பில்லும் கொடுமைதான். வீட்டுக்காரர்களில் சிலர் 911-ஐக் கூப்பிடத் தயங்குவதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். வாடகைக்கு இருப்பவர்கள் அந்தத் தயக்கத்துக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை.

வுட்ஸ்டாக் குடும்பம்

2008 டிசம்பர். ஒன்டாரியோவின் வுட்ஸ்டாக் நகரில் மாகாணக் காவல் துறை அதிகாரி லாரி ஹாகின்ஸ், அவர் கணவர், இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே இறந்துபோனது. காஸ் கணப்பின் புகைபோக்கி அடைத்திருந்தது. வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லை. லாரியின் நெருங்கிய உறவினர் ஜான் கிக்னாக், பிரான்ட்ஃபோர்டில் தீயணைப்பு வீரராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் வாழ்நாளெல்லாம் பிறர் வீட்டில் பார்த்ததைத் தன் வீட்டிலேயே பார்த்தார். குடும்பத்தின் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, அலாரத்தைக் கட்டாயமாக்கச் சொல்லி ஊர் ஊராகப் போனார். மாகாண சட்டமன்ற உறுப்பினர் எர்னி ஹார்டிமன் மசோதாவைக் கொண்டுவந்தார். அது காலாவதியானது. மறுபடி கொண்டுவந்தார். ஐந்தாண்டு இழுபறிக்குப் பிறகு 2013-இல்தான் ஹாகின்ஸ் கிக்னாக் சட்டம் நிறைவேறியது. 2014 அக்டோபர் 15 முதல் காஸ் சாதனமோ கணப்போ ஒட்டிய கராஜோ இருக்கும் வீடுகளில், படுக்கையறைகளுக்கு அருகில் அலாரம் கட்டாயமானது. 2026 ஜனவரி 1 முதல் அத்தகைய வீடுகளில் ஒவ்வொரு தளத்திலும் இருக்க வேண்டும்.

சட்டம் நிறைவேறிய அதே 2013-இன் கிறிஸ்துமஸ் வாரத்தில் டொராண்டோவைப் பனிமழைப் புயல் தாக்கியது. மின்சாரம் போய் வீடுகள் உறைந்தபோது, பார்பிக்யூ அடுப்பைக் கரியோடு உள்ளே தூக்கிவந்து சிலர் குளிர்காய்ந்தார்கள். 2021 பிப்ரவரியில் டெக்சாஸிலும் அப்படித்தான். கராஜில் காரை ஓடவிட்டவர்களும், ஜெனரேட்டரைத் திண்ணையருகில் வைத்தவர்களுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மருத்துவமனை போனார்கள், பதினொரு பேராவது இறந்தார்கள். ஜெனரேட்டர் வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். தீவிபத்துகளைச் சேர்க்காமலேயே அமெரிக்காவில் ஆண்டுக்கு 400-க்கும் மேற்பட்டவர்களை இந்த வாயு கொல்கிறது.

தப்பித்தவர்களும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்திலிருக்கும் கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரமாகும். மாஸ்க் வழியே முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி. கடுமையான பாதிப்பு என்றால் அழுத்த அறையில் வைத்து ஆக்சிஜன் தருவார்கள். டொராண்டோ ஜெனரல் மருத்துவமனையில் அந்த வசதி உண்டு. கர்ப்பிணிகள் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று திரும்பிவிடக்கூடாது. தாயின் ரத்தம் தெளிந்த பிறகும் வயிற்றுக் குழந்தையின் ரத்தத்தில் அது தங்கியிருக்கும். நன்றாகிவிட்டார் என்று நினைத்தவருக்குச் சில வாரம் கழித்து ஞாபக மறதியும் நடையில் தடுமாற்றமும் வருவதுண்டு.

நம் மலைகளில்

தமிழ்நாட்டு வீடுகளில் இந்த அலாரம் அபூர்வம். சமவெளியில் கதவு ஜன்னல் திறந்தே கிடப்பதால் பெரும்பாலும் தப்பிக்கிறோம். உதகை, கொடைக்கானல் குளிரில் அந்தக் கணக்கு செல்லாது. கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் மலை விடுதியில், ஹீட்டர் போட்ட அறையில் தூங்கிய கேரளச் சுற்றுலாப் பயணிகள் எட்டுப் பேர் இறந்தார்கள். நான்கு பேர் குழந்தைகள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இருவர் இறந்ததற்கு ஜெனரேட்டர் புகை காரணம். ஜன்னலில்லாத குளியலறையில் காஸ் கீசர் மாட்டியிருக்கும் வீடுகளும் இதே பட்டியலில் வருகின்றன. கீசர் குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும், கரி அடுப்பு அறைக்கு வெளியே இருக்க வேண்டும். விடுதிக்காரரே சிரித்த முகத்தோடு கொண்டுவந்து வைத்தாலும் திருப்பி அனுப்புங்கள். அறையில் உங்களோடு இருப்பவர் மயங்கினால் அவரையும் வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டு 108.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து பெற்றோர் வந்தால், பிளைட் களைப்பு தீர்ந்த மறுநாளே அலாரத்தின் பொத்தானை அழுத்தி அந்த நான்கு சத்தத்தை அவர்கள் காதில் விழவையுங்கள். வீட்டு முகவரியையும் 911 என்பதையும் தமிழில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். போன் செய்துவிட்டு வெளியே போவதல்ல, வெளியே போய்விட்டுப் போன் செய்வது என்று சொல்லிவையுங்கள். அந்தப் பொத்தான் சோதிப்பது சத்தத்தையும் மின்சுற்றையும்தான், உள்ளே இருக்கும் உணரியை அல்ல. உணரியின் ஆயுள் மாடலைப் பொறுத்து ஐந்து முதல் பத்து ஆண்டு. தேதி பெட்டியின் முதுகில் அச்சிட்டிருக்கும். இன்றைக்கே கழற்றிப் பாருங்கள், கடந்துபோயிருந்தால் புதிது வாங்கி மாட்டுங்கள்.